தெரு செழிக்கிறது, கடை வெளியேறுகிறது

சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரத்தில் புதிய உணவகங்கள் வரிசைகட்டி வருகின்றன. கூடவே வாடகையும் ஏறுகிறது. தலைமுறைகளாக அங்கே அடுப்பு எரித்தவர்கள் அடுத்த ஒப்பந்தத்தை நினைத்துக் கலங்குகிறார்கள். இது வளர்ச்சியா, இழப்பா? இரு தரப்பிலும் நியாயம் இருக்கும் இந்த வழக்கை அலசுகிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சுல்தான் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்கள் பசியோடு நிறைகின்றன. நார்த் பிரிட்ஜ் ரோட்டில் முர்தபா கல் ஓய்வதில்லை. கந்தஹார் ஸ்திரீட்டில், சோற்றோடு பல கறிகளைப் பரிமாறும் நாசி பாடாங் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ரெண்டாங்கும் சம்பாலும் தட்டுத் தட்டாக இறங்குகின்றன. பாக்தாத் ஸ்திரீட்டின் சரபத் கடையில் இஞ்சி டீக்காக ஆட்கள் ஐந்தடி நடைபாதையில் நிற்கிறார்கள். அலுவலகக்காரர், டாக்சி ஓட்டுநர், மதரசா மாணவர், ஓய்வுபெற்ற பெரியவர் எல்லோரும் ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்ளும் நேரம் அது.

இரவு வந்தால் தெருவின் ஆட்கள் மாறுகிறார்கள். ஹாஜி லேனின் சுவரோவியங்களுக்கு முன்னால் சுற்றுப்பயணிகள் படமெடுக்கிறார்கள். துருக்கி, லெபனான், மெக்சிகோ, ஜப்பான் என்று உலகமே உணவுப் பட்டியலாக விரிகிறது. இந்த இரண்டு கூட்டத்துக்கும், கீழே கடையும் மேலே வீடுமாக எழுந்த அதே பழைய கடைவீடுகள்தாம் இடம். எந்தக் கூட்டத்திடமிருந்து சதுர அடிக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கும் என்பது கட்டட உரிமையாளருக்குத் தெரியும். கம்போங் கிளாமில் சில ஆண்டுகளாகச் சூடேறியிருக்கும் விவாதம் தொடங்குவது இங்கேதான்.

நாடாளுமன்றம் வரை அது போயிருக்கிறது. வட்டாரத்தின் மரபையும் அடையாளத்தையும் வலுப்படுத்துவதற்கென்று அரசு அமைப்புகள் பல சேர்ந்த பணிக்குழு ஒன்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. 1948 முதல் இயங்கிவந்த வாரோங் நாசி பரியாமான் என்ற நாசி பாடாங் கடை, 2026 ஜனவரி இறுதியோடு மூடப்போவதாக அறிவித்தது. முதுமை, வாரிசின்மை, ஆள் பற்றாக்குறை, பொருள் விலை, வாடகை என்று ஒரு பழைய கடை மூடப்படுவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் அது காலிசெய்யும் இடத்துக்கு அதே போன்ற இன்னொரு கடை வர முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: வாடகை.

ஊர் கூடிக் கட்டிய ஊர்

1822-இல் வகுக்கப்பட்ட சிங்கப்பூர் நகரத் திட்டம், சுல்தான் ஹுசேனின் அரண்மனையைச் சுற்றியிருந்த இந்த நிலத்தை மலாய், பூகிஸ், அரபு மக்களுக்கென்று ஒதுக்கியது. தீவுக்கூட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்காவுக்குக் கப்பலேறியவர்கள் இங்கே தங்கினார்கள். பஸ்ஸோரா ஸ்திரீட் முழுக்க ஹஜ் பயணிகளுக்கான கடைகளும் தங்குமிடங்களும் இருந்தன. துணி, அத்தர், தொப்பி, கல்லறைக் கல், மலாய்ப் புத்தகம் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில் இருந்தது. பயணிகளுக்குச் சோறு போட வந்தவர்கள் உணவுத் தொழிலை வேரூன்ற வைத்தார்கள். 1908-இல் தொடங்கிய ஜம்ஜம், 1910-இல் தொடங்கிய விக்டரி, 1921-இல் தொடங்கிய இஸ்லாமிக் ரெஸ்டாரன்ட் ஆகியவை அந்தக் காலத்தின் சாட்சிகள்.

தமிழருக்கும் இந்த ஊரில் பங்கு உண்டு. சுல்தான் பள்ளிவாசலின் அறங்காவலர் குழுவில் பன்னிரண்டு இடங்கள் இருந்தன. மலாய், ஜாவானியர், பூகிஸ், அரபு, வட இந்தியர், தமிழர் ஆகிய ஆறு சமூகங்களுக்கும் இரண்டிரண்டு. இன்றைய பள்ளிவாசலைக் கட்டியபோது பணம் படைத்தவர்கள் நன்கொடை தந்தார்கள். பணமில்லாதவர்கள் கண்ணாடிப் புட்டிகளைக் கொடுத்தார்கள். தங்க நிறக் குவிமாடத்தின் அடியில் கரிய வளையமாகத் தெரிவது அந்தப் புட்டிகளின் அடிப்பாகங்கள். ஏழையின் பங்கும் கண்ணில் படும்படி எழுந்த கட்டடம் அது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏழை உட்கார்ந்து சாப்பிட இடமிருக்குமா என்பதே இன்றைய கவலை.

1989-இல் கம்போங் கிளாம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. சைனாடவுனும் லிட்டில் இந்தியாவும் அதே ஆண்டில் அந்தத் தகுதியைப் பெற்றன. இடிக்கப்படும் அபாயம் நீங்கியது, முகப்புகள் பழைய அழகுக்குத் திரும்பின. ஓட்டுக்கூரை, மரச் சன்னல், பூவேலைப்பாடு ஒவ்வொன்றுக்கும் விதி வந்தது. அந்த அழகைப் பார்க்க உலகம் வந்தது. உலகத்துக்குப் பின்னாலேயே வாடகையும் வந்தது.

உணவகம் ஏன் கூடுதல் வாடகை தருகிறது?

துணிக்கடையில் ஒரு சரக்கு விற்க மாதக்கணக்கில் ஆகலாம். புத்தகக் கடையில் ஆண்டுக்கணக்கில் ஆகலாம். உணவகத்தில் காலையில் வாங்கிய பொருள் இரவுக்குள் காசாகிறது. ஒரே மேசை மதியம் இரண்டு முறை, இரவு மூன்று முறை ஆள் மாற்றுகிறது. சதுர அடிக்கு விற்பனை என்று பார்த்தால், நெரிசலான சுற்றுலாத் தெருவில் உணவகத்தோடு மற்றத் தொழில்கள் மோதுவது கடினம். ஒரு கடைவீடு காலியானால் அதிக வாடகை பேசி முன்வருவது பெரும்பாலும் உணவகமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லா உணவகங்களும் ஒரே வகையல்ல. ஒரு தட்டுச் சோறு விற்பவருக்கும், குளிர்சாதன அறையில் மூன்று பதார்த்தம், ஒரு பானம் என்று விற்பவருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 8,000 வெள்ளி வாடகை கொடுக்கும் ஒரு நாசி பாடாங் கடையின் வாடகை 12,000 வெள்ளியாக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழர் வெள்ளி என்றே சொல்கிறார்கள்.) செலவெல்லாம் போக ஒரு தட்டில் ஒன்றரை வெள்ளி மிஞ்சுகிறது என்றால், கூடிய 4,000 வெள்ளியை ஈடுகட்ட மாதம் சுமார் 2,700 தட்டு கூடுதலாக விற்க வேண்டும். மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் நாளொன்றுக்கு நூறு தட்டுக்கு மேல். அடுப்பும் அதே அடுப்பு, ஆளும் அதே ஆள், நாற்காலியும் அதே நாற்காலி. எங்கிருந்து விற்பது?

விலையை ஏற்றலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. அந்தக் கடைக்கு வாடிக்கையாக வருபவர் பள்ளிவாசலுக்கு வருபவரும் பக்கத்து அலுவலக ஊழியரும்தான். ஒரு வெள்ளி ஏற்றினால் வாரத்துக்கு மூன்று முறை வருபவர் ஒரு முறையாகக் குறைத்துக்கொள்வார். பக்கத்திலேயே புதிய காப்பிக் கடையில் ஒரு கோப்பைக்கு எட்டு வெள்ளி கொடுத்துவிட்டு, ஐம்பது ஆண்டு கைப்பக்குவத்தில் வெந்த ரெண்டாங்குக்கு அரை வெள்ளி கூடினால் முகம் சுளிக்கும் நாமும் இந்த நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள்தாம்.

புதியவர்களைப் பழிப்பது நியாயமா?

விவாதம் சூடாகும்போது முதல் கல் புதிய உணவகங்கள் மீதே விழுகிறது. பள்ளிவாசலின் நிழலில் இவர்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியில் வலி இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. இஸ்லாமிக் ரெஸ்டாரன்டும் ஜம்ஜமும் ஒரு காலத்தில் புதியவையே. கடல் கடந்து வந்த ஒருவர் புதிதாக ஒரு அடுப்பைப் பற்ற வைத்ததால்தான் முர்தபா இன்று அந்தத் தெருவின் அடையாளமாயிற்று. இன்று கடை திறக்கும் இளைஞர்களில் மலாய், இந்திய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாட்டியின் சமையலைப் புது வடிவத்தில் தர முயல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அந்நியர் என்று ஒதுக்கினால் மரபுக்கு நாளைய வாரிசு கிடைக்காது.

அவர்களும் தப்பிப் பிழைப்பதில்லை என்பது இன்னொரு உண்மை. சிங்கப்பூரில் 2024-இல் மூடப்பட்ட உணவு, பானத் தொழில்கள் 3,047. சுமார் இருபது ஆண்டுகளில் அதுவே உச்சம். அதே ஆண்டில் 3,793 புதிய கடைகள் திறக்கப்பட்டன. திறப்பு மூடலைவிட அதிகம் என்று மகிழ்வதற்கு முன், அந்த எண்களுக்குள் எத்தனை சேமிப்புகளும் கடன்களும் கரைந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பல நூறு வணிகர்கள் ஒன்றுசேர்ந்த வாடகைதாரர் கூட்டணி ஒன்று 2025-இல் நியாயமான வாடகைக்குக் குரல் கொடுத்தது. பழைய கடைக்காரரும் புதிய கடைக்காரரும் எதிரெதிர் அணியில் இல்லை. இருவரும் ஒரே படிவத்தில்தான் கையெழுத்திடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள்.

இந்தக் குறுகிய காலத்தில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. ஒரு புதிய உணவகம் புகைபோக்கி, எண்ணெய்க் கழிவுத் தொட்டி, குளிர்பதன அறை, மின் இணைப்பு, அலங்காரம் என்று மூன்று லட்சம் வெள்ளி செலவிடுவதாகக் கொள்வோம். ஒப்பந்தம் மூன்றாண்டு என்றால் அந்தச் செலவு மட்டும் மாதத்துக்கு 8,300 வெள்ளிக்கு மேல் வருகிறது. அதுவும் ஒரு வாடகைதான், மறைமுக வாடகை. அதே ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுக்கு நீண்டால் மாதச் சுமை சுமார் 2,800 வெள்ளியாக இறங்குகிறது. கட்டட உரிமையாளருக்கு ஒரு காசு நட்டமில்லை. வாடகைதாரருக்கோ மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு வெள்ளி மிச்சம்.

மூன்றாண்டு முடிவில் புதுப்பிக்கும் பேச்சு வரும்போது வாடகைதாரர் கை கட்டப்பட்ட நிலையில் இருக்கிறார். போட்ட முதல் சுவரிலும் தரையிலும் இருக்கிறது, பெயர்த்தெடுத்துக்கொண்டு போக முடியாது. வெளியேறினால் கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் செலவும் பெரும்பாலும் அவர் தலையில். உரிமையாளருக்கு இது தெரியும். கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டு, அந்தச் சுமையைத் தட்டின் விலையிலும் ஊழியரின் சம்பளத்திலும் இறக்குகிறார் கடைக்காரர். அடுத்த கடைவீட்டின் உரிமையாளர் அந்த வாடகையைச் சுட்டிக்காட்டி, தன் வாடகைதாரரான பழைய நாசி பாடாங்காரரிடம் அதே தொகையைக் கேட்கிறார். புதியவர் நெருக்கடியில் ஒப்புக்கொண்ட தொகை இப்படித்தான் பழையவருக்கும் சந்தை விலையாகிவிடுகிறது.

உரிமையாளர் தரப்பு

கட்டட உரிமையாளரை வில்லனாக்கிவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். ஆனால் உண்மை அத்தனை எளிதல்ல. பாதுகாக்கப்பட்ட கடைவீட்டைப் பராமரிப்பது செலவு மிக்க வேலை. கூரை ஒழுகினால் கிடைத்த ஓட்டைப் போட்டு மூட முடியாது, விதிப்படியே பழுதுபார்க்க வேண்டும். தாத்தா வாங்கிய கட்டடம் பத்துப் பேரப்பிள்ளைகளின் பொதுச் சொத்தாக இருக்கும் குடும்பங்களில், பழைய வாடகையே போதும் என்று ஒருவர் சொன்னாலும் மற்றவர்கள் ஒப்ப வேண்டும்.

புதிதாக வாங்கியவர்களின் கணக்கு வேறு. சிங்கப்பூர் முழுவதும் பாதுகாக்கப்பட்ட கடைவீடுகள் 6,500-க்கும் மேல். இனிமேல் பழைய கடைவீட்டைப் புதிதாகக் கட்ட முடியாது, ஆகவே அது அரிய பொருள். வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு 2023 ஏப்ரலிலிருந்து 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி விதிக்கப்பட்டது. முழுக்க வணிகப் பயன்பாட்டுக்கென வகுக்கப்பட்ட கடைவீடுகளுக்கு அந்த வரி இல்லை. பெரும் பணம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. அறுபது லட்சம் வெள்ளிக்கு ஒரு கடைவீட்டை வாங்கிய ஒருவர் ஆண்டுக்கு மூன்று விழுக்காடு வருமானம் எதிர்பார்த்தாலே மாத வாடகை 15,000 வெள்ளி. அவர் பேராசைக்காரராக இருக்க வேண்டியதே இல்லை, வாங்கிய விலையே வாடகையைத் தீர்மானித்துவிடுகிறது.

இன்னும் ஆழமான சிக்கல் வக்ஃபு சொத்துகளில் இருக்கிறது. அறச்செயலுக்கென்று முன்னோர் எழுதிவைத்த கட்டடங்கள் சிங்கப்பூரில் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ் இஸ்லாமிய சமய மன்றத்தின் மேற்பார்வையில் வருகின்றன. அவற்றின் வருமானம் பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் ஏழைகளுக்கும் போகிறது. வாடகையைக் குறைத்தால் பழைய கடை பிழைக்கும், ஆனால் அறத்துக்குப் போகும் பணம் குறையும். வாடகையை ஏற்றினால் அனாதைப் பிள்ளைகளின் பங்கு கூடும், கடை வெளியேறும். இரண்டுமே அறம் என்னும்போது எதை விட்டுக்கொடுப்பது என்பதைச் சந்தை சொல்லித் தராது. அதைச் சமூகம்தான் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

கட்டுப்பாடு போட்டால் சரியாகிவிடுமா?

வாடகைக்கு உச்ச வரம்பு விதிக்க வேண்டும் என்பது உடனே எழும் கோரிக்கை. சிங்கப்பூருக்கு அந்த அனுபவம் உண்டு. போருக்குப் பிந்தைய இடத் தட்டுப்பாட்டில், 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகை உறைந்துபோனது. ஏழைகளுக்கு அது பெரும் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் சில வெள்ளிகளே வாடகையாக வரும் கட்டடத்தில் ஓடு மாற்ற எந்த உரிமையாளரும் முன்வரவில்லை. அறைகள் தடுப்புக்குள் தடுப்பாகப் பிரிக்கப்பட்டு உள்வாடகைக்கு விடப்பட்டன. கட்டடங்கள் உளுத்துப்போயின. படிப்படியாகத் தளர்த்தப்பட்ட அந்தக் கட்டுப்பாடு 2001-இல் முழுவதுமாக நீக்கப்பட்டது.

உறைய வைப்பது ஒரு தவறென்றால், ஒரே நாளில் உருக விடுவது இன்னொரு தவறு. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு செயலிழந்தது. தலைமுறைகளாகக் கடைவீடுகளில் வாழ்ந்து தொழில் செய்த பலர் வெளியேறினார்கள். எட்டாண்டு கழித்து, 2008-இல், யுனெஸ்கோ அந்த நகரத்துக்கு உலக மரபுடைமைத் தகுதி கொடுத்தது. பட்டம் வந்து சேர்ந்தபோது, அந்தப் பட்டத்துக்குக் காரணமான மக்களில் ஒரு பகுதியினர் அங்கே இல்லை. ஸ்பெயினில் 1994-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பழைய கடைகளுக்குத் தந்த இருபதாண்டு அவகாசம் 2014 டிசம்பரில் முடிந்தது. பார்சிலோனாவில் நூற்றாண்டுக் கடைகள் பல அந்த வாக்கில் மூடப்பட்டன.

இன்று சிங்கப்பூரில் இருப்பது நடுவழி. சில்லறை வணிக இடங்களுக்கான குத்தகை நடத்தைநெறி 2021-இல் வந்தது. 2023-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது, 2024 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அடிப்படை வாடகை அல்லது விற்பனையில் பங்கு, இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும் தந்திரத்துக்கு அது முட்டுக்கட்டை போட்டது. பேச்சுவார்த்தையில் இரு தரப்புக்கும் ஓரளவு சமநிலை கொடுத்தது. நல்ல அடி அது. ஆனால் வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதை அது தொடவில்லை.

அரசின் மரபுடைமை அமைப்பும் 30 ஆண்டுக்கு மேல் இயங்கும் மரபுத் தொழில்களை அடையாளம் கண்டு அங்கீகரிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அங்கீகாரம் மதிப்புக்குரியது. ஆயினும் வாடகை கட்ட முடியாத கடையின் சுவரில் அங்கீகாரப் பலகை தொங்கி என்ன பயன்? 1989-இலிருந்து இன்றுவரை நம் விதிகள் ஓட்டையும் சன்னலையும் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்திருக்கின்றன. சன்னலுக்கு உள்ளே நடக்கும் தொழிலுக்கு அந்தக் காவலில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

அரசே உரிமையாளராக இருக்கும் இடத்தில்

வாடகை என்பது வானத்திலிருந்து விழும் விதியல்ல என்பதற்குச் சிங்கப்பூரிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. தெருவோர வியாபாரிகளை 1970-களிலும் 80-களிலும் கூரைக்கு அடியில் குடியமர்த்தி உருவானவை உணவங்காடி நிலையங்கள். இன்று 120-க்கும் மேல். முதல் தலைமுறை உணவங்காடிக்காரர்கள் மாதம் 320 வெள்ளி அளவிலான சலுகை வாடகையில் நிலைபெற்றார்கள். அதனால்தான் மலிவு விலைச் சாப்பாடு நகரத்தின் நடுவிலும் பிழைத்தது. அந்தப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுல மரபாக ஏற்றது. அந்தப் பெருமைக்குப் பின்னால் சமையல் திறமை இருக்கிறது, பொது உரிமையில் வைக்கப்பட்ட கட்டடமும் இருக்கிறது.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை. காலியாகும் கடைகள் ஏலத்துக்கு வருகின்றன. குறைந்தபட்ச ஏலத்தொகை 2012-இலேயே நீக்கப்பட்டதால் ஒரு வெள்ளிக்கும் கேட்கலாம். ஆனால் 2024-இல் மரின் பரேடு உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி கேட்டு ஒருவர் எடுத்தார். அரசே உரிமையாளராக இருந்தாலும் ஏலத்தைச் சந்தையிடம் விட்டால் விலை எங்கே போகும் என்பதை அந்த எண் காட்டியது. ஆகவே உரிமை யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த அளவுகோலில் கொடுக்கிறோம் என்பதும் முடிவாக வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல. கம்போங் கிளாமோடு சேர்ந்து பாதுகாப்புத் தகுதி பெற்ற லிட்டில் இந்தியாவில், 1947 முதல் கோமள விலாஸ் இட்லியும் தோசையும் பரிமாறுகிறது. பூக்கடையும் மளிகைக் கடையும் நகைக்கடையும் பக்கம் பக்கமாக நிற்கும் சிராங்கூன் ரோடும் அதே கடைவீடுகளின் தெருதான். கம்போங் கிளாமில் எடுக்கப்படும் முடிவு நாளை அங்கேயும் வந்து சேரும்.

செய்யக்கூடியவை

இந்த வழக்கில் வழி இல்லாமல் இல்லை. பிற நகரங்கள் முயன்று பார்த்தவையும் உண்டு, இங்கேயே செய்யக்கூடியவையும் உண்டு.

முதலாவது, ஒப்பந்தத்தின் நீளம். மூன்று ஆண்டுக்குப் பின் இன்னும் இரண்டு முறை, மும்மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கும் உரிமை வாடகைதாரருக்கு இருக்கட்டும். ஒவ்வொரு நீட்டிப்பிலும் வாடகை எவ்வளவு ஏறும் என்ற கணக்கு முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். வாடகையை உறைய வைக்காமலேயே, திடீர் ஏற்றத்தின் கழுத்துப்பிடியிலிருந்து பழையவரையும் புதியவரையும் இது ஒருசேர விடுவிக்கும்.

இரண்டாவது, உரிமையாளருக்கு ஊக்கம். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-இல் மரபுத் தொழில்களுக்கான பதிவேட்டைத் தொடங்கியது. முப்பது ஆண்டுக்கு மேல் இயங்கும் கடைகளைப் பதிவுசெய்தது. அவற்றுக்குப் பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகை தரும் கட்டட உரிமையாளருக்குச் சதுர அடி கணக்கில் மானியம் வழங்கியது. தண்டிப்பதைவிடத் தோள் கொடுப்பது பலன் தரும் என்ற நம்பிக்கையில் பிறந்த திட்டம் அது. சிங்கப்பூரின் சொத்து வரியில் ஒரு சலுகை கொடுத்தாலே இதைச் செய்யலாம்.

மூன்றாவது, சில கட்டடங்களைப் பொதுக்கையில் வைத்திருப்பது. கடைகள் மறைந்துவந்த தெருக்களில் தரைத்தளக் கடைகளை முன்னுரிமையோடு வாங்கி, புத்தகக் கடைக்கும் கைவினைஞருக்கும் வாடகைக்கு விடும் திட்டத்தைப் பாரிஸ் 2004-இல் தொடங்கியது. தெரு முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. முக்கியமான முனைகளில் சில கடைவீடுகள் நகரத்தின் கையிலோ சமூக அறக்கட்டளையின் கையிலோ இருந்தால் போதும், தெருவின் குணம் தங்கும். வக்ஃபு நிர்வாகமும் தன் கட்டடங்களில் ஒரு பகுதியை மரபுத் தொழிலுக்கென்று ஒதுக்கி, அதனால் குறையும் வருமானத்தை அரசு மானியத்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம். அறத்துக்குப் போகும் பங்கு குறையாது, கடையும் வெளியேறாது.

நான்காவது, நம் பங்கு. ஒரு கடை மூடப்போவதாக அறிவித்தபின் அதன் வாசலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் இருப்பவர்கள் அன்புள்ளவர்கள், சந்தேகமில்லை. ஆனால் கடைக்குத் தேவைப்பட்டது அந்தக் கடைசி வாரத்தின் கூட்டம் அன்று. முந்தைய ஐந்து ஆண்டுகளின் சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில் வந்திருக்க வேண்டிய கூட்டம் அது. நியாயமான விலையேற்றத்தை முகம் சுளிக்காமல் ஏற்பதும் மரபுக்காப்பின் ஒரு பகுதிதான்.

இந்த முயற்சிகளுக்கு எதிராக ஒரு கேள்வி நிச்சயம் எழும். எந்தக் கடை மரபு, எந்தக் கடை மரபல்ல என்று யார் தீர்மானிப்பது? நியாயமான கேள்வி. அரசு அதிகாரி ஒருவர் மேசையில் அமர்ந்து தீர்மானித்தால் தவறு நிகழும். பள்ளிவாசல் நிர்வாகம், வணிகர் சங்கம், கடைக்காரர்கள், அங்கே வாழ்ந்தவர்கள், கட்டட உரிமையாளர்கள், அந்தத் தெருவில் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு பட்டியல் போட வேண்டும். ஆறு சமூகங்களுக்குச் சம இடம் கொடுத்து ஒரு பள்ளிவாசலை நிர்வகிக்கத் தெரிந்த ஊருக்கு இது எட்டாத வேலையல்ல. சண்டை வரும், வரட்டும். பட்டியலில் இடம்பெறாதவர்கள் வருந்துவார்கள், அவர்கள் முறையிடவும் வழி இருக்கட்டும். யாரும் தீர்மானிக்காமல் விட்டால் தீர்மானம் நடக்காமல் போய்விடாது, அதிக வாடகை கொடுப்பவர் தீர்மானிப்பார்.

கம்போங் கிளாமுக்காக அமைந்த பணிக்குழுவின் வெற்றியைத் திருவிழாக்களின் எண்ணிக்கையாலோ சுற்றுப்பயணிகளின் எண்ணிக்கையாலோ அளக்கக் கூடாது. இன்று அங்கே முப்பது ஆண்டைத் தாண்டி நிற்கும் கடைகள் எவை என்று பெயரோடு எழுதி வெளியிடட்டும். ஒவ்வொன்றின் ஒப்பந்தமும் எப்போது முடிகிறது என்பதையும் அந்தந்தக் கடைக்காரரின் ஒப்புதலோடு குறித்துவைக்கட்டும். ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டு முன்பே உரிமையாளரையும் கடைக்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கட்டும். ஐந்தாண்டு கழித்து அந்தப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்ப்போம். எத்தனை கடைகள் அதே தெருவில், அதே வாடிக்கையாளருக்கு, அவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் சோறு போடுகின்றன என்பதே பணிக்குழுவின் மதிப்பெண்ணாக இருக்கட்டும்.